ராத்திரி போட வேண்டிய மாத்திரை

அக்டோபர் 11, புதன்

வலிக்கு மார்க் போட வேண்டுமாம். பத்துக்கு எத்தனை என்று. எப்போது வந்தது, என்ன மாத்திரை போட்டேன், எவ்வளவு குறைந்தது, எல்லாம் எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார் டாக்டரம்மா. இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு கொடுத்த டைரி ஒன்று பீரோவில் கிடந்தது. அவருக்குக் காட்ட மார்க்கை மட்டும் தனித் தாளில் எடுத்து எழுதிக்கொள்வேன். மற்றதெல்லாம் எனக்கு.

இன்றைய மார்க் எட்டு. சட்டை போட்டிருந்தால் ஒன்பது.

போன மாதம் வலது மார்பிலிருந்து முதுகு வரை பட்டையாகக் கொப்புளம் போட்டது. அக்கி. எங்கள் ஊரில் அக்கி வந்தால் எவனும் ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டான், மண்பானை செய்கிற வேளார் வீட்டுக்குத்தான் போவான். அவர் காவியைக் குழைத்து, கோழி இறகால் கொப்புளத்தின் மேல் எழுதிவிட்டார். மூன்று நாள் எழுதினார். ஜில்லென்று சுகமாகத்தான் இருந்தது. கொப்புளம் காய்ந்து உதிர்ந்தது, வலி மட்டும் உதிரவில்லை. சட்டைத் துணி உரசினால் தீ வைத்தது போல் எரிகிறது. ஃபேன் காற்றுகூடப் படக்கூடாது. இதை வெளியே சொன்னால் சிரிப்பான்கள்.

மெடிக்கல் ஷாப்பில் ‘உடம்பு வலிக்கு ஒரு செட்’ என்று கேட்டு வாங்கிப் போட்டேன். வெள்ளை ஒன்று, ரோஸ் ஒன்று, பச்சை ஒன்று, காகிதத்தில் மடித்துத் தருவான். அது போட்டு எந்த வலிதான் போகாமல் இருந்திருக்கிறது? இது போகவில்லை. வயிறுதான் எரிந்தது. கடைசியில் வடிவு என்னை இழுத்துக்கொண்டு திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டாள். வடிவு என் மனைவி. முழுப்பெயர் சண்முகவடிவு. முழுப்பெயரில் கூப்பிட்டால் சண்டை என்று அர்த்தம்.

டாக்டரம்மாவுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். சின்ன வயதில் அம்மை போட்டதா என்று கேட்டார். அந்த அம்மைக் கிருமிதான் இத்தனை வருஷம் நரம்புக்குள் தூங்கிக் கிடந்து அக்கியாக எழுந்திருக்கிறதாம். முதலிலேயே வந்திருந்தால் லேசாக முடிந்திருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். புண் ஆறிவிட்டது, நரம்புதான் கெட்டுப்போய் சும்மா சும்மா வலி வலி என்று மூளைக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறதாம். எனக்கு உடனே புரிந்தது. வண்டியில் வயரிங் ஷார்ட் ஆனால் பிரேக்கை மிதிக்காமலே பின்லைட் எரியும். பல்பை மாற்றி என்ன பிரயோஜனம்? செட் மாத்திரையெல்லாம் பல்பை மாற்றுகிற வேலை.

செட் மாத்திரையை அடியோடு நிறுத்தச் சொல்லிவிட்டார். கிட்னியில் உப்பு ஏறியிருக்கிறதா என்று பார்க்க ரத்தம் எடுத்தார்கள். நல்லவேளை, ஏறவில்லை. பெரிய ஊசியாக ஒன்று போட்டு விடுங்களேன் என்று கேட்டேன். மார்பின் மாதிரி கனத்த மருந்துக்கெல்லாம் இதில் முதல் இடம் இல்லை, நரம்பை அமைதிப்படுத்துகிற மருந்து தருகிறேன், மெதுவாகத்தான் கேட்கும், பொறுமை வேண்டும் என்றார். மஞ்சள் கேப்சூல், ராத்திரி ஒன்று. தோலை மரத்துப்போகச் செய்ய ஒரு களிம்பு.

என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார். பள்ளிக்கூடத்தில் என்றேன். பொய் இல்லையே? அதற்குப் பிறகு என்னை சார் என்றுதான் கூப்பிட்டார். வடிவு அப்போது மருந்து வாங்கும் வரிசையில் நின்றாள்.

கிளம்பும்போது வாசலில் வைத்து இன்னும் ஏதோ சொன்னார். ஒரே கூட்டம். சரியாகக் காதில் விழவில்லை.

அக்டோபர் 12, வியாழன்

நிம்மதி போயிற்று. என்ன மருந்து என்று தெரிந்துகொள்ளலாமே என்று கேப்சூல் அட்டையை மெடிக்கல் ஷாப்பில் காட்டினேன். “இது வலிப்புக்குக் குடுக்கிறதுல்லா அண்ணாச்சி, வீட்ல யாருக்கு?” என்று கேட்டான். தெரிந்தவருக்கு என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நான் ஓட்டுவது பள்ளிக்கூட வேன். உள்ளே இருப்பதெல்லாம் ஊரார் பிள்ளைகள். வலிப்பு மாத்திரை போடுகிறவனை எந்தப் பள்ளிக்கூடம் ஸ்டியரிங்கில் உட்கார வைக்கும்? எனக்கு வலிப்பு இல்லை என்று யாரிடம் போய் நிரூபிக்க? இத்தனை வருஷத்தில் வண்டியில் ஒரு கீறல் விழ விட்டதில்லை. அந்தப் பேரெல்லாம் ஒரே நாளில் போய்விடும்.

அட்டையை வண்டியின் டூல்ஸ் பெட்டியில், ஸ்பேனருக்கு அடியில் வைத்துவிட்டேன். ராத்திரிக்கு ஒன்றை மட்டும் சட்டைப் பையில் எடுத்து வருவேன்.

அக்டோபர் 14, சனி

ஏழு. நல்ல தூக்கம். வடிவு எழுப்பித்தான் எழுந்தேன்.

அக்டோபர் 17, செவ்வாய்

இந்த டாக்டரம்மாவுக்கு ஒன்று புரியவில்லை. ராத்திரி நான் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு இடது பக்கமாகப் படுத்தால் வலி ஆறுதான். பகலில்தானே உயிர் போகிறது. சீட் பெல்ட் சரியாக அந்தப் பட்டையின் மேல்தான் ஏறுகிறது. ஒவ்வொரு குழிக்கும் பெல்ட் இறுகும்போது பல்லைக் கடித்துக்கொள்கிறேன். வலிக்கிற நேரத்துக்கு மருந்தா, வலிக்காத நேரத்துக்கு மருந்தா? நாளையிலிருந்து காலையில் வண்டி எடுப்பதற்கு முன் போட்டுக்கொள்ளப் போகிறேன்.

அக்டோபர் 18, புதன்

காலையில் போட்டேன். வண்டியில் போகும்போது ஆறு. நான் சொன்னேன்ல?

பொன்னுத்தாய் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொன்னுத்தாய் எங்கள் வேன் ஆயா, பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவள். கண்ணு ஒரு மாதிரி இருக்கே அண்ணாச்சி என்றாள். ராத்திரி தூக்கம் சரியில்லை என்று சொல்லி வைத்தேன்.

அக்டோபர் 20, வெள்ளி

இந்தப் பொன்னுத்தாய்க்கு என்ன வந்தது என்று தெரியவில்லை. இத்தனை வருஷமாகக் கதவுப் பக்கம் உட்கார்ந்து வந்தவள், இப்போது எனக்கு நேர் பின்னால் வந்து உட்கார்ந்துகொள்கிறாள். வாயை மூடவே மாட்டேன் என்கிறாள். மருமகன் சண்டை, ஆட்டுக்குட்டிக்குக் கழிச்சல், ரேஷன் கடையில் பாமாயில் இல்லை. அதோடு விட்டாலும் பரவாயில்லை, “நீங்க என்ன சொல்லுதீக அண்ணாச்சி?” என்று ஒவ்வொன்றுக்கும் பதில் வேறு சொல்ல வேண்டும். சும்மா ‘ம்’ கொட்டினால் விடமாட்டாள், திரும்பக் கேட்கிறாள்.

மரியாதைக்காகப் பொறுத்துப் போகிறேன். மார்க் ஐந்து.

அக்டோபர் 23, திங்கள்

ஆயுத பூஜை. வண்டியை நேற்றே வீட்டுக்குக் கொண்டுவந்து கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு நிறுத்தினேன். டயருக்கு எலுமிச்சம்பழம்.

காலையில் குளித்துவிட்டு வந்து பார்த்தால் வடிவு டூல்ஸ் பெட்டியைத் திறந்து ஸ்பேனரை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். சாமிக்கு முன்னால் வைக்க வேண்டுமாம். ஓடிப்போய், கிரீஸ் கையில் ஒட்டும், நான் துடைக்கிறேன் என்று பெட்டியைப் பிடுங்கினேன். கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அட்டை ஸ்பேனருக்கு அடியில்தான் வைத்திருந்தேன். இன்று பார்த்தால் மேலே இருந்தது. குலுக்கலில் வந்திருக்கும்.

சுண்டல் நன்றாக இருந்தது.

அக்டோபர் 27, வெள்ளி

சந்தைக்கடை தோற்றது. பிள்ளைகள் ஏறியதிலிருந்து இறங்கும் வரை பாட்டு. மழைப் பாட்டு, யானைப் பாட்டு, வாய்ப்பாட்டைக்கூடப் பாட்டாகப் பாடுகிறார்கள். அதிலும் ஒண்ணாம் வகுப்பு ஜெர்லின் இருக்கிறாளே, பின் சீட்டிலிருந்து என் காதுக்குள் வந்து பாடுகிற மாதிரி குரல். திடீர் திடீரென்று ஆரம்பிக்கிறார்கள், அதுதான் தூக்கிவாரிப் போடுகிறது. சத்தம் போடாமல் வாருங்கள் என்று அதட்டினேன். பொன்னுத்தாய் உடனே, “பாடட்டும் அண்ணாச்சி. சின்னப் பிள்ளைய” என்றாள்.

முன்பெல்லாம் அவள்தான் அதட்டுவாள்.

அக்டோபர் 30, திங்கள்

வடிவு எனக்கு ஒரு பனியன் தைத்திருக்கிறாள். பட்டுத் துணியில். பருத்திதானே உரசுகிறது, பட்டு வழுக்கிக்கொண்டு போகும் என்று அவளே யோசித்திருக்கிறாள். போட்டுப் பார்த்தேன், எரிச்சல் பாதிதான். களிம்பும் தடவிக்கொண்டால் பெல்ட்டையே தாங்க முடிகிறது. அரக்குக் கலர் பட்டு. பழைய புடவை, கிழிந்துபோனது என்றாள். எந்தப் புடவை என்று நான் கேட்கவில்லை. அவளிடம் அரக்குக் கலரில் இருந்தது ஒரே ஒரு பட்டுதான்.

தினமும் ராத்திரி மாத்திரை போட்டாச்சா என்று கேட்கிறாள். போட்டாச்சு என்கிறேன். காலையில் போட்டது உண்மைதானே.

நவம்பர் 2, வியாழன்

வேப்பங்கிளை ஒன்று ரோட்டுக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. அதில் இடித்து இடது பக்கக் கண்ணாடி உடைந்துவிட்டது. மழைத் தண்ணீர் வேறு கிடந்தது, ஓரமாக ஒதுக்கினேன், அவ்வளவுதான். கிளையை வெட்டாமல் விட்டிருக்கிறார்கள், யாரைச் சொல்ல? பிள்ளைகளுக்கு ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடத் தாளாளரிடம் நானே போய்ச் சொன்னேன். அவரும் கிளையைத்தான் திட்டினார்.

பொன்னுத்தாய் ஒவ்வொரு பிள்ளையையும் தொட்டுப் பார்த்துத்தான் இறக்கினாள்.

நவம்பர் 3, வெள்ளி

இன்று மாத்திரை போடவில்லை. இனி போடப்போவதும் இல்லை. பகலிலும் இல்லை, ராத்திரியும் இல்லை. மெடிக்கல் ஷாப்பில் பழையபடி ஒரு செட் வாங்கினேன்.

நவம்பர் 5, ஞாயிறு

பத்து. பதினொன்று என்று ஒரு மார்க் இருந்தால் அது. திடீரென்று நிறுத்தியதாலோ என்னவோ வலி முன்னைவிட மோசம். வேர்க்கிறது, படபடவென்று வருகிறது, தூக்கமே இல்லை. செட் மாத்திரைக்கு வயிறு எரிகிறது, மார்பு அதைவிட எரிகிறது. வடிவு பனை விசிறியை எடுத்து வந்தாள். அந்தக் காற்றே வலிக்கிறது என்று அவள் மேல் எரிந்து விழுந்தேன். மூலையில் போய் உட்கார்ந்து அழுதாள். நான் பார்க்காத மாதிரி படுத்திருந்தேன்.

நாளை திங்கள்கிழமை. இப்படியே எப்படி ஸ்டியரிங் பிடிப்பது? காலையில் கேப்சூல் ரெண்டாகப் போட்டுவிட வேண்டியதுதான். விட்டதற்கும் சேர்த்து.

நவம்பர் 6, திங்கள்

ரயில்வே கேட்டில் நிற்கும்போது வண்டி கொஞ்சம் நகர்ந்துவிட்டது. ஒன்றும் ஆகவில்லை.

நவம்பர் 7, செவ்வாய்

நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன். இந்த டைரியில்கூட உண்மையை எழுத முடியாதவன் வேறு எங்கே எழுதப்போகிறேன்? எழுதித் தொலைக்கிறேன்.

நேற்று காலையில் ரெண்டு கேப்சூல் போட்டேன். கேட் மூடியிருந்தது, முன்னால் வேறு வண்டி இல்லை. நம் வேன்தான் முதலில். அந்த இடம் தண்டவாளத்தைப் பார்த்துச் சரிவாக இருக்கும். பிரேக்கை மிதித்துக்கொண்டு நின்றேன், கியரில் போடவில்லை. பிறகு நடந்தது எனக்குத் தெரியாது. தெரியாது என்பதுதான் விஷயம். தூங்கிவிட்டேன். கால் பிரேக்கிலிருந்து நழுவிவிட்டது.

பிள்ளைகள் எல்லாம் உச்சக் குரலில் யானைப் பாட்டைக் கத்துவது கேட்டு முழித்தேன். வண்டியின் மூக்கு கேட் கம்பியில் முட்டிக் கம்பி வளைந்து நின்றது. பொன்னுத்தாய் என் தோளுக்கு மேலாகப் பாய்ந்து ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் முழங்கை என் மார்பில் அந்த இடத்திலேயே அழுந்திக்கொண்டிருந்தது. அப்போது எனக்கு வலி தெரியவே இல்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் ரயில் போய்க்கொண்டிருந்தது.

ரயில் போய் முடிந்தது. பிள்ளைகள் இன்னும் பாடிக்கொண்டிருந்தார்கள். ஜெர்லின் மட்டும் நிறுத்திவிட்டு, “ஆயா, மாமா முழிச்சாச்சு. போதுமா?” என்று கேட்டாள்.

எனக்கு முதலில் புரியவில்லை. பொன்னுத்தாயைத் திரும்பிப் பார்த்தேன். அவள் கண்ணெல்லாம் தண்ணீர்.

வண்டியை ஓரமாக நிறுத்திச் சாவியை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். பள்ளிக்கூடத்துக்கு அவளே போன் பண்ணி வேறு டிரைவரை வரச் சொன்னாள். காத்திருந்தபோதுதான் சொன்னாள். ரெண்டு வாரத்துக்கு மேலாக நான் கண் சொருகுவதைப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறாள். பேச்சுக் கொடுத்துப் பார்த்தாள், பத்தவில்லை. மாமா தலை ஆடினால் எல்லாரும் பாடணும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். விளையாட்டு மாதிரி.

“ஸ்கூல்ல சொன்னா உங்கள அனுப்பிருவாகன்னு சொல்லாம இருந்துட்டேன் அண்ணாச்சி. கண்ணாடி ஒடஞ்ச அன்னைக்கே சொல்லிருக்கணும். நானும்லா தப்பு பண்ணிட்டேன்” என்றாள்.

அவள் என்ன தப்பு பண்ணினாள்? அந்தப் பாட்டையெல்லாம் நான் இரைச்சல் என்று எழுதி வைத்திருக்கிறேன். அதட்டினேன் வேறு. மேலே இருக்கிற பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவே வெட்கமாக இருக்கிறது.

முதல் நாள் டாக்டரம்மா வாசலில் வைத்துச் சொன்னதுகூட எனக்கு நன்றாகவே காதில் விழுந்தது. “தூக்கம் வரும், தலை சுத்தும் சார். அதனாலதான் ராத்திரி. வண்டி எதுவும் ஓட்டாதீங்க” என்றார்.

நவம்பர் 8, புதன்

வீட்டில் வடிவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, “ஸ்பேனருக்கு அடியில எதுக்கு ஒளிச்சு வச்சிருக்கீகன்னு நீங்களே சொல்லுவீகன்னு பாத்தேன்” என்றாள். அன்றைக்கே பார்த்திருக்கிறாள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம்.

டாக்டரம்மா, “வாங்க சார், எப்படி இருக்கு?” என்றார். சார் எல்லாம் வேண்டாம், நான் டிரைவர் என்றேன். நடந்ததைச் சொன்னேன். காலையில் போட்டது, நிறுத்தியது, ரெண்டாகப் போட்டது, கேட் கம்பி. சொல்லச் சொல்ல அவர் முகம் வெளுத்துவிட்டது. கோபப்படுவார் என்று நினைத்தேன். எத்தனை பிள்ளைகள் இருந்தார்கள் என்று மட்டும் கேட்டார். சொன்னேன்.

அப்புறம் பொறுமையாகச் சொன்னார். இது வலிக்கிற நேரத்துக்குப் போடுகிற மாத்திரை இல்லை. தினமும் அதே நேரத்துக்குப் போட்டால், நாளாக நாளாக நரம்பு அடங்கும். நம் இஷ்டத்துக்குக் கூட்டவும் கூடாது, சட்டென்று நிறுத்தவும் கூடாது. வலிப்புக்கும் இதைக் கொடுப்பார்கள், நரம்பு வலிக்கும் கொடுப்பார்கள், மருந்து ஒன்றுதான், நோய் வேறு. திரும்பவும் ராத்திரி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். பகலுக்குக் களிம்பும் பட்டுப் பனியனும். பனியனைத் தொட்டுப் பார்த்து, யார் யோசனை என்று கேட்டார். வடிவு தலையைக் குனிந்துகொண்டாள்.

மறுபடி எப்போது வண்டி ஓட்டலாம் என்று கேட்டேன். உடம்புக்கு மருந்து பழகட்டும், பார்த்துவிட்டுத்தான் சொல்வேன், இப்போது வாக்குக் கொடுக்கமாட்டேன் என்றார். பள்ளிக்கூடத்துக்கு ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தார்.

நவம்பர் 9, வியாழன்

தாளாளர் கடிதத்தைப் படித்தார். வலிப்பு இல்லை என்று டாக்டர் எழுதியிருக்கிறாரே, அதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம் என்று ஒரு நிமிஷம் எனக்கும் புத்தி போனது. அவர் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, “அதெல்லாம் சரி ஆவுடையப்பன். வண்டியில தூங்குனீங்களா, இல்லையா?” என்று கேட்டார்.

“தூங்குனேன் சார்.”

நான் கொண்டுபோன இன்னொரு சாவியையும் மேஜையில் வைத்தேன். ஸ்டியரிங்கில் உட்கார இனி எனக்கு அனுமதி இல்லை. டாக்டர் எழுதிக் கொடுத்தால் அப்புறம் பார்க்கலாம் என்றார், பார்க்கலாம் என்பதை எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். புது டிரைவருக்கு எந்தப் பிள்ளைக்கு எந்த ஸ்டாப் என்று தெரியாது, ஒரு மாதத்துக்கு நீங்கள் கூடப் போய்க் காட்டுங்கள் என்றார். பொன்னுத்தாய்க்கும் நல்ல டோஸ் விழுந்தது. என்னால்.

வலி எத்தனை என்று பார்க்க மறந்துவிட்டேன்.

நவம்பர் 16, வியாழன்

தீபாவளி லீவு முடிந்து இந்த வாரம்தான் வேனில் ஏறினேன். ஏறினேன் என்றால் பின்னால். புதுப் பையன் நன்றாகத்தான் ஓட்டுகிறான். ரெண்டாவது கியரில் கொஞ்சம் அவசரப்படுகிறான், சொன்னால் கேட்டுக்கொள்கிறான்.

ராத்திரி ஒன்று, தினமும் ஒரே நேரம். வடிவே எடுத்துத் தருகிறாள், விழுங்கும் வரை நிற்கிறாள். இன்று ஆறு. டாக்டரம்மா சொன்ன மாதிரி மெதுவாகத்தான் இறங்குகிறது.

பிள்ளைகள் யாரும் பாடவில்லை. அதுவும் எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ரயில்வே கேட் மூடியிருந்தது. வளைந்த கம்பியை இன்னும் மாற்றவில்லை. பையன் கியரில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து நிறுத்தினான். நானும் எட்டிப் பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டேன். பொன்னுத்தாய் பழையபடி கதவுப் பக்கம் உட்கார்ந்திருந்தாள்.

ஜெர்லின் என் பக்கத்து சீட்டில் நெருக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். வலது பக்கம் இடித்துவிடாமல் இடது பக்கமாக வந்தாள், யார் சொல்லிக் கொடுத்தார்களோ. என் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு ரகசியம் சொல்கிற மாதிரி, “மாமா, இனிமே நீங்க தூங்கலாம். நாங்க பாட மாட்டோம்” என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. பிள்ளைக்குத் தெரியக்கூடாதென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ரயில் போனது, கேட் திறந்தது. பள்ளிக்கூடம் வரும் வரை நான் கண்ணை மூடவில்லை.